சீர்வரிசையில் வந்த டிரெட்மில்

எங்கள் ஊரில் ஒரு பெண் விடியற்காலையில் ரோட்டில் நடக்கலாம். கோயிலுக்கு என்று நடக்கலாம், சொசைட்டிக்குப் பால் ஊற்ற நடக்கலாம், எழவு வீட்டுக்கு எட்டி எட்டி நடக்கலாம். ஓடத்தான் கூடாது. ஓடினால் வீட்டில் அடித்து விரட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவும் இல்லையென்றால், இவளே எவனோடோ கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு எங்கள் ஊருக்கு மூளையும் இல்லை, பொறுமையும் இல்லை.

மைதிலிக்கு இது தெரியாமல் இல்லை. நாற்பத்தொரு வயது, பத்தாவது படிக்கிற பையனுக்குத் தாய், தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஓடினாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி. மாடியில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவள். தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் அவர்கள் வீட்டு வாசலும், மோகனூர் போகிற ரோடும் எந்நேரமும் என் கண்ணில் படும். வம்புக்காகப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் இல்லை.

மைதிலியின் புருஷன் பிரபாகர் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போனால், ஆனி ஆடியில் அங்கே மழை பிடித்தால்தான் வீடு திரும்புவார். பையன் தர்ஷன் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில். எங்கள் பக்கம் கோழிக்கும் பிள்ளைக்கும் வளர்ப்பு முறை ஒன்றுதான்: கூண்டு, நேரத்துக்குத் தீனி, அணையாத விளக்கு. ஆக வீட்டில் இருப்பது மைதிலியும் அவள் மாமியார் பொன்னாத்தாளும்தான். பொன்னாத்தாள் பெரியம்மா கெட்டவர் இல்லை. மருமகளைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார், அவள் சாப்பிடாமல் சாப்பிட மாட்டார். அந்தப் பிரியத்தை வாசல் கேட்டுக்கு வெளியே மட்டும் விடமாட்டார்.

போன வருஷம் மைதிலிக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் வாக்குக்கு மறு வாக்கு உண்டா? பெரியம்மாவே கேட்டைத் திறந்து விட்டார். மைதிலி விடிகிற நேரத்தில் சுடிதார் போட்டுக்கொண்டு, பையனின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, தீவன மில்லைத் தாண்டி மக்காச்சோளக் காடு வரைக்கும் போய்த் திரும்புவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தனியாகப் போய்வந்த முதல் இடம் அந்த மக்காச்சோளக் காடுதான். கேட்டால் சிரிப்பாக இருக்கும். எனக்கு இல்லை.

ஒருநாள் மில்லைத் தாண்டியதும் ஆளில்லாத இடத்தில் சும்மா ஓடிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அக்கா, நெம்ப தூரமெல்லாம் இல்லீங்க. கரண்டு போஸ்ட் மரத்துக்குப் போஸ்ட் மரந்தான். ஆனா ஓடி நின்னா நெஞ்சு திக்கு திக்குன்னு அடிக்குது பாருங்க, அது என்ற நெஞ்சுதான்னு நல்லாத் தெரியுதுங்க" என்றாள்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. முட்டை லாரிக்காரன் எவனோ பார்த்துவிட்டான். அவன் போய் நாமக்கல்லில் மைதிலியின் அண்ணன் கந்தப்பனிடம், "உங்க தங்கச்சி விடியக்காலையில ரோட்டுல ஓடுதுங்களே, ஊட்டுல எதாச்சும் பிரச்சனைங்களா?" என்று அக்கறையாக விசாரித்திருக்கிறான். கந்தப்பனுக்கு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டான். மானம் போய்விட்டது.

கந்தப்பன் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் மைதிலியும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் சீர் கொண்டு வந்தார்.

அந்த மாதம்தான் இவர்கள் வீட்டில் மாடி எடுத்து முடித்துப் புண்ணியார்ச்சனை வைத்திருந்தார்கள். புது வீட்டுக்குப் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து சீர் வர வேண்டும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பட்டுப் புடவை, தட்டுத் தட்டாகப் பழம் எல்லாம் வந்தன. முன்னால் கொட்டு மேளம், பின்னால் 'சின்ன யானை' லோடு வண்டி. வண்டி மேல் துணி போர்த்தி, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு பெரிய உருப்படி. நான் சோபா என்று நினைத்தேன். இறக்கித் துணியை எடுத்தால் டிரெட்மில்.

"என்ற தங்கச்சி இனி வெயில்லயும் பனியிலயும் ரோட்டுல கெடந்து சங்கடப்படோணும்னு இல்லீங்க. ஊட்டுக்குள்ளயே நடக்கட்டும், ஓடட்டும், எப்படி வேணாலும் இருக்கட்டும்" என்று கந்தப்பன் சபையில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. திருப்பி அனுப்பினால் அண்ணன் உறவு அன்றோடு அறுந்தது. விற்கவும் கூடாது, இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. ஓட்டை விழுந்தாலும் சீர்ப் பாத்திரம் பரணிலாவது இருக்க வேண்டும். கந்தப்பன் பட்டறையில் மட்டுமல்ல, இதிலும் கெட்டிக்காரர்தான். பூட்டுப் போட்டிருந்தால் உடைத்திருக்கலாம். மாலை போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து மெஷினைப் பொருத்திச் சொல்லிக் கொடுத்தார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

"எடுத்ததும் ஓடாதீங்கம்மா. மொதல்ல மெதுவா நடங்க, ஒடம்பு சூடாகட்டும். அப்பறம் கொஞ்ச நேரம் ஓட்டம், மூச்சு வாங்குனா மறுபடி நடை. இப்படி மாத்தி மாத்தித்தான் பழகோணும். எட்டு சின்னதா வைங்க. காலப் பாக்காதீங்க, பாத்தா உழுந்துருவீங்க. நேராப் பாருங்க. கைப்புடிய இறுக்கிப் புடிக்காதீங்க. பட்டை நிக்காம எறங்கவே கூடாது" என்றார் அவர்.

நேராகப் பார்ப்பதற்குச் சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு தினசரி காலண்டர். மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் ரோடாவது தெரியுமே என்று மைதிலி கேட்டாள். பொன்னாத்தாள் பெரியம்மா, "ரோட்டுல போறவன் வாரவனெல்லாம் நின்னு பாப்பான் சாமி" என்று முடித்துவிட்டார்.

அந்த ஆள் கடைசியாக ஒரு சிவப்புச் சாவியைக் காட்டினார். அதில் ஒரு கயிறு, கயிற்று முனையில் ஒரு கிளிப். கிளிப்பை ஓடுகிறவர் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். தடுக்கி விழுந்தால் கயிறு இழுபட்டுச் சாவி கழன்று மெஷின் நின்றுவிடும்.

பெரியம்மா கயிற்றை இழுத்துப் பார்த்தார். "உழுகறவ மேலயே கயித்த மாட்டி என்ன பிரயோசனமுங்க? மூக்கணாங்கயிற மாடா புடிக்குது? பாத்துக்கறவங்க கையிலதான இருக்கோணும்" என்றார்.

அந்த ஆள் விளக்கிப் பார்த்தார். நானும் விளக்கினேன். பெரியம்மா மசியவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கிளிப்பைத் தன் முந்தானையில் மாட்டிக்கொண்டார். ஓட்டம் முடிந்ததும் சாவியைக் கழற்றி இடுப்புச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்வார். அவர் மனசில் வஞ்சகம் இல்லை. மருமகள் விழுந்துவிடக் கூடாது என்ற பயம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகு ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து விடியற்காலையில் கேட் திறக்கவில்லை. நடக்கத்தான் மெஷின் இருக்கிறதே.

முதல் வாரம் மைதிலி இறங்கும்போதெல்லாம் தலை சுற்றித் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நின்ற தரை ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பெரியம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். பிறகு பழகிவிட்டது. காலை வேலையெல்லாம் முடிந்து, மாமியார் பலகாரம் சாப்பிட்ட பிறகு, பத்து மணி வாக்கில் மெஷின் ஓடும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். சில நாள் நடுவில் டக்கென்று நிற்கும். பெரியம்மா தூங்கி விழுந்து கயிறு இழுபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். மைதிலி கைப்பிடியில் மோதிக்கொண்டு நிற்பாள். பெரியம்மா கண்ணைத் திறந்து, "ஏன் சாமி, நின்னுட்ட?" என்பார்.

பிரபாகரிடம் போனில் கேட்டுப் பார்த்தாள். காலையில் அரை மணி நேரம், மில் வரைக்கும் மட்டும். "மச்சான் அத்தன ஆசையா வாங்கிக் குடுத்துருக்காரு. அத உட்டுட்டு ரோட்டுக்குப் போனா அவரு என்ன நெனப்பாரு?" என்றார் அவர். அப்புறம் டீசல் விலையைப் பற்றிப் பேசினார்.

"ரோட்டுல ஓடுனா மூச்சு வாங்குதுங்க அக்கா. இதுல ஓடுனா மூச்சு முட்டுது" என்று ஒருநாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது சொன்னாள். "ஓடி ஓடிப் பாக்கறேன். காலண்டர்ல தேதிதான் மாறுது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த அரை மணி நேரம் கேட்டத் தொறந்து உட்டாப் போதும்." சொல்லிவிட்டு அழுதாள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் பாராட்டிய வாரம் அது.

ஐப்பசி முடிகிற சமயம். ஒருநாள் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து டக்கென்று நின்றது. பெரியம்மா தூங்கிவிட்டார் என்று நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மைதிலியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "அத்தை, தூங்கிட்டீங்களா?" என்று திரும்பினால் பெரியம்மா நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறார். வாய் கோணியிருக்கிறது. ஒரு கை விறகு மாதிரி தொங்குகிறது.

எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். பக்கத்தில் கார் வைத்திருப்பவர் அப்புசாமி ஒருவர்தான், பிரபாகரின் பங்காளி. அவருடைய கோழிப்பண்ணை மில்லையும் தாண்டி இருக்கிறது. போன் அடித்தால் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? கோழிக்குச் சீக்கு வந்துவிடும் என்று பயந்து, கொட்டகைக்குள் போகிறவர்கள் செருப்பையும் போனையும் கேட்டிலேயே விட்டுவிட்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போவார்கள். காலை பத்து மணிக்கு அவர் கொட்டகைக்குள் இருக்கிற நேரம்.

மைதிலி பெரியம்மாவின் இடுப்பிலிருந்த கொத்தைக் கழற்றிக் கேட்டைத் திறந்தாள். "அக்கா, அத்தையப் பாத்துக்கங்க" என்று என் ஜன்னலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அதற்கப்புறம் ஓடினாள்.

நான் அவர்கள் வீட்டுக்கு இறங்கிப் போவதற்குள் அவள் மில்லை நெருங்கிவிட்டாள். பட்டப்பகல். பஸ் ஸ்டாப்பில் ஆள், டீக்கடையில் ஆள், மில் வாசலில் மூட்டை இறக்குகிற ஆள். சுடிதாரும் ஷூவுமாக ஒரு பெண் ரோட்டு நடுவில் தலைதெறிக்க ஓடுகிறாள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம், "அத்தைக்கு வாதமடிச்சுருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே, நிற்காமல் ஓடியிருக்கிறாள். நான் பெரியம்மாவின் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கார் வாசலில் வந்து நின்றது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர், "சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. இன்னும் தாமசமாயிருந்தா ஒரு பக்கம் போயிருக்கும்" என்றார். பெரியம்மா பிழைத்தார். வாய் நேரானது. ஒரு வாரத்தில் கையும் காலும் அசைந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மைதிலி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அத்தைக்கு ஒண்ணும் ஆகிரக் கூடாதுன்னு அழுதுட்டேதான் ஓடுனனுங்க அக்கா. ஆனா பொய் சொல்லக் கூடாது. மில்லு தாண்டுனதும் காத்து மூஞ்சீல அடிச்சுது பாருங்க, ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. பாவமுங்களா அது?"

பாவமில்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"ஊரே பாத்துருச்சு. எல்லாரும் நல்லதாத்தான் பேசறாங்க. இனிமே நான் ரோட்டுக்குப் போறேன்னு கேட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க இல்லீங்களா?" என்று கேட்டாள். நானும் முட்டாள் மாதிரி, யார் வேண்டாம் என்பார்கள் என்று சொல்லிவைத்தேன். அவள் அந்த வராந்தாவிலேயே எந்த நேரத்துக்குக் கிளம்புவது, மில்லோடு திரும்புவதா மக்காச்சோளக் காடு வரைக்கும் போவதா என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

கந்தப்பன் ஆப்பிள் பையோடு வந்தார். தங்கச்சி ஓடிய கதையை எல்லோரும் சொல்லச் சொல்ல அவருக்கு மார்பு நிமிர்ந்தது. "சும்மாவா? மிசின்ல ஓடிப் பழகுன காலுங்க அது. கயிறு இழுபட்டு மிசின் நின்னதாலதான அத்தைக்கு முடியலன்னே தெரிஞ்சுது. நான் குடுத்த சீரு வீண் போகல பாத்தீங்களா?" என்றார். பெரியம்மா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். சத்தீஸ்கரிலிருந்து பிரபாகரும் போனில் அதையேதான் சொன்னார். மைதிலி ஆப்பிளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். பெரியம்மா வீடு வந்து சேர்ந்த அன்று டிரெட்மில்லைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். ஓடினவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்களா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த தடவை காட்டப் போனபோது டாக்டர், பெரியம்மாவைத் தினமும் மெதுவாக நடக்கச் சொன்னார். ஆளுக்கு ஆள் மெஷினைக் காட்டினார்கள். பெரியம்மாவும் ஆசையாகத்தான் ஏறினார். மைதிலி கையைப் பிடித்துக்கொண்டு, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பெரியம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

"நிறுத்து சாமி, நிறுத்து. என்ன கருமமோ தெரீல, கிறுகிறுங்குது. நடக்க நடக்க எடம் நகர மாட்டீங்குது. செவுத்தப் பாத்துட்டே எத்தன நேரம் நடக்கறது? ஆரால ஆகும் இது? நான் ரோட்டுலயே நடந்துக்கறேன்" என்று இறங்கிவிட்டார்.

வயசானவர், பேரன் எடுத்தவர். அவர் ரோட்டில் நடந்தால் எந்த முட்டை லாரிக்காரன் என்ன சொல்லப்போகிறான்? துணைக்கு எதிர்வீட்டுக்காரி நான் வர வேண்டும் என்று ஏற்பாடு.

மறுநாள் விடிகிற நேரத்தில் போய்க் கேட்டருகே நின்றேன். பெரியம்மா கைத்தடியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் மைதிலி. தலையை இறுக்கிப் பின்னி, ஷூவின் நாடாவைக் கட்டி, தயாராக நின்றாள்.

"அத்தை, நானும் வாரேனுங்க. உங்களக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"அவளும் வரட்டும் பெரியம்மா. நம்ம மூணு பேருமாப் போலாம்" என்றேன் நான்.

பெரியம்மா திரும்பி மைதிலியின் கன்னத்தைத் தடவினார். குரலில் அத்தனை பிரியம். "நீ எதுக்கு சாமி பனியில வந்துட்டு? அன்னைக்கு நீ ஓடுனது என்ற உசுருக்காவ. ஊரு ஒத்துக்கிச்சு. தெனமும் போனா அதே ஊரு வேற பேசும். உன்ற அண்ணன் குடுத்த சீருதான் என்னைய உசுரோட வெச்சுருக்குது. அது ஒரு நாளும் சும்மா கெடக்கப்படாது. நீ உள்ள போயி ஓடு, நாங்க வந்தர்றோம்."

மைதிலி என்னைப் பார்த்தாள். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். கன்னத்தைத் தடவுகிறவரை என்ன செய்வது?

"சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா இடுப்புக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்த சிவப்புச் சாவியை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

பெரியம்மா கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம். மில்லைத் தாண்டி மக்காச்சோளக் காட்டுப் பக்கம் வந்ததும் பெரியம்மா தடியை ஊன்றி நின்று, மூச்சை இழுத்து விட்டார்.

"காத்து எத்தன நல்லா இருக்குது பாரு புள்ள. இத்தன வருசமா இத உட்டுட்டு ஊட்டுக்குள்ளயே கெடந்து போட்டனே" என்றார்.

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அவர் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்றார், போனோம். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. மைதிலி ஓடிக்கொண்டிருந்தாள்.